இழுத்தா அகலம் வரும்

என் அப்பா முப்பது வருடம் காம்பேக்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். திருப்பூருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிட்டிங் மிஷினிலிருந்து பனியன் துணி ஒரு குழாய் போல இறங்கும். அது சாயப்பட்டறைக்குப் போய், நனைந்து, பிழியப்பட்டு, காய்ந்து, கண்டபடி இழுபட்டுத் திரும்பி வரும். அந்தத் துணிக்கு ஆவி காட்டி, ரோலர்களுக்கு நடுவே விட்டு, பையர் கேட்ட அகலத்துக்கும் எடைக்கும் கொண்டுவந்து நிறுத்துவதுதான் காம்பேக்டிங். அப்பா துணியின் மேல் வட்டக் கத்தி ஒன்றை வைத்து ஒரு திருகு திருகுவார். சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு வட்டம் கையோடு வரும். அதைச் சின்னத் தராசில் போடுவார். 1.8 கிராம் காட்டினால் அந்தத் துணி 180 ஜிஎஸ்எம். சின்ன வயதில் எனக்கு அந்த வட்டங்கள்தான் விளையாட்டுச் சாமான். கலர் கலராக ஒரு பை நிறைய வைத்திருந்தேன்.

துணியை எடை போட்டு வாங்குகிறார்கள், பரப்பளவு பார்த்து வெட்டுகிறார்கள். திருப்பூரின் பாதித் தகராறு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. முப்பது இஞ்ச் அகலம் உள்ள குழாயை முப்பத்தொன்றுக்கு இழுத்துவிட்டால் அதே கிலோவில் கூட நாலு பீஸ் வெட்டலாம். இழுக்கச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அப்பா அவர்களிடம் சண்டை போட மாட்டார். வட்டத்தை வெட்டித் தராசில் போட்டுக் காட்டுவார். "இழுத்தா அகலம் வருமுங்க, எடை வராதுங்க. மொதத் தண்ணியில காட்டிக் குடுத்துரும்" என்பார். துவைத்ததும் துணி பழைய அகலத்துக்கே ஓடிவிடும் என்று அர்த்தம்.

நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, கேமரா மாட்ட ஆரம்பித்து, அப்படியே கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போடுகிற ஆளாகிவிட்டேன். அப்பா சொன்னது பனியன் துணிக்கு மட்டுமானது என்று நினைத்திருந்தேன். அது என் தொழிலுக்கும் பொருந்தும் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் கொடுக்கிற நேரத்தில், ஒரு ஓவர்லாக் அக்கா எனக்குக் காட்டினார்.

*

2022-ஆம் வருடம், தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் நடுத்தரமான எக்ஸ்போர்ட் கம்பெனி. தகரக்கூரை போட்ட ஒரே பெரிய ஹால், நாலு லைன், நூற்றிருபது மிஷின். முதலாளி ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, மிஷினுக்கு ஒரு டேப்லெட் வைத்து விடுவது என்று முடிவு செய்துவிட்டார். ஒரு பண்டில் தைத்து முடித்ததும் டெய்லர் அதைத் தொட வேண்டும். எந்த லைனில் எத்தனை பீஸ், யார் எவ்வளவு தைத்தார், எங்கே தேங்குகிறது, எல்லாம் ஆபீஸில் உட்கார்ந்த இடத்தில் தெரியும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளமும் அந்தக் கணக்கிலேயே. அதற்கு முன்னால் லைன் சூப்பர்வைசர் பண்டில் சீட்டுகளைக் கிழித்து நூலில் கோத்து வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் எண்ணுவார்.

வைஃபை போடும் வேலை எனக்கு வந்தது. ஹாலுக்கு ஆறு அக்சஸ் பாயிண்ட். ஒவ்வொன்றையும் ஐந்து கிகாஹெர்ட்ஸில், எண்பது மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தேன். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகம் கிடைக்க வேண்டுமென்றால் சேனல் அகலமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஹாலில், முதலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு என் லேப்டாப்பில் சோதித்துக் காட்டினேன். சர்வரிலிருந்து லேப்டாப்புக்கு 560 மெகாபிட் காட்டியது. அவர் அதைப் போட்டோ எடுத்து நண்பர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாதிப் பணம் அன்றைக்கே கைக்கு வந்தது.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஹால் நிறைந்தது. ஒன்பதே காலுக்கு முதல் போன். "தம்பி, டேப் சுத்திக்கிட்டே நிக்குது." போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கும். திரும்பி வந்தால் மறுபடி போன். புதன்கிழமை வரை இப்படியே போனது. வியாழக்கிழமை பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது, நாலாவது லைன் டேப்லெட்டுகள் மணிக்கு ஐந்தாறு தடவை அறுந்து அறுந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஆப்பிலும் ஒரு கோளாறு இருந்தது. இணைப்பு இல்லாத நேரத்தில் தொட்ட பண்டிலை அது ஒன்றுதான் ஞாபகம் வைத்திருக்கும். இணைப்பு திரும்புவதற்குள் இன்னொரு பண்டில் முடிந்துவிட்டால் முந்தையது போய்விடும். திரையில் பச்சை டிக் மட்டும் விழும்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் மிச்சப் பணம் கேட்கப் போயிருந்தேன். ஆபீஸ் வாசலில் அந்த அக்கா நின்றிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருடமாகத் தைக்கிறவர். கையில் நாற்பது பக்க நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி நாலு கோடு போட்டு, தேதிவாரியாக, பண்டில் நம்பரோடு எழுதியிருந்தார்.

"பதினோரு பண்டில் குறையுதுங்க. பாருங்க, செவ்வாய்க்கிழம நாலு, வியாழக்கிழம அஞ்சு, நேத்து ரெண்டு."

மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார். "மிசின்ல என்ன இருக்குதோ அதுதானுங்க்கா கணக்கு. நோட்டுல ஆரு வேண்ணாலும் எழுதலாமுங்க."

பண்டிலுக்கு இருபத்தைந்து பீஸ், பீஸுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. முன்னூற்று முப்பது ரூபாய். அக்கா என்னைப் பார்த்தார். "தம்பிதான இதப் போட்டது? நீங்க சொல்லுங்க."

எனக்குத் தெரியும். வியாழக்கிழமை பார்த்த பதிவு என் பையிலேயே இருந்தது. ஆனால் மிச்சப் பணம் இன்னும் வரவில்லை. "ஆப்புல ஏதோ பிரச்சினைன்னு நெனைக்கறேங்க்கா, பாக்கச் சொல்றேன்" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அக்கா நோட்டை மூடி டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு இன்னும் எத்தனை பேருக்குக் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. எழுதி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

*

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று முறையாகப் பார்ப்போம் என்று திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, எல்லா மிஷினும் ஓடுகிற நேரத்தில், மூன்றாவது லைன் கடைசியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். என் ஆறு பெட்டிகளைத் தவிர நாற்பத்துமூன்று நெட்வொர்க் தெரிந்தது. பக்கத்து பிரிண்டிங் யூனிட், பின்பக்கத்துச் செக்கிங் செக்ஷன், எதிர் சந்து எம்பிராய்டரி, மாடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை இவற்றில் பாதி அணைந்து கிடந்தது. நான் சோதித்தது காலி ரோட்டில் வண்டி ஓட்டிப் பார்த்த மாதிரி.

அகலம் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். வைஃபை எடுத்துக்கொள்ளும் அலைவரிசைத் துண்டின் பருமன்தான் சேனல் அகலம். 1997-இல் வந்த முதல் தரத்துக்குப் பிறகு நீண்ட நாள் அது இருபது மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இருந்தது. 2009-இல் நாற்பது வந்தது. 2013-இல் எண்பதும் நூற்றறுபதும் வந்தன. இப்போது விற்கும் ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் முந்நூற்றிருபது வரை போகும். அகலம் இரண்டு மடங்கானால், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்வரை, வேகமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 1948-இல் கிளாட் ஷானன் எழுதிய கணக்கு இதைத்தான் சொல்கிறது. அதே கணக்கில் இன்னொரு பாதியும் இருக்கிறது. வேகம் அகலத்தை மட்டும் பொறுத்ததில்லை, குறிப்புக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது.

எந்த ரிசீவரிலும் வெப்பத்தால் வருகிற ஒரு சின்ன இரைச்சல் எப்போதும் இருக்கும். எவ்வளவு அகலமாக ஜன்னலைத் திறக்கிறோமோ அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும். இருபதிலிருந்து எண்பதுக்குப் போனால் நாலு மடங்கு, அதாவது ஆறு டெசிபல். டேப்லெட் அனுப்புகிற சக்தியோ அதேதான். அதே சக்தி நாலு மடங்கு பரப்பில் நிரவப்படுகிறது. வெட்டவெளியில் ஆறு டெசிபல் என்றால் தூரம் பாதியாகிறது என்று பொருள். பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. லைன் கடைசியில் இருக்கிறவனுக்குத்தான் அறுந்துபோகும். ஹாலில் நடுவே ஆளுயரத்துக்குத் துணி ரோல் வேறு அடுக்கியிருந்தார்கள். பருத்தி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், நூற்றுக்கு எட்டு பங்கு எடை ஈரமாகவே இருக்கும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். நூற்றைம்பது பேரும் பத்து டன் துணியும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஹால் வேறு ஹால்.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் வட்டக் கத்தியை நினைத்தேன். அகலத்தைக் கூட்டியிருக்கிறேன், எடை குறைந்திருக்கிறது. திங்கட்கிழமைதான் முதல் தண்ணி.

*

இரைச்சல் பாதிக் கதைதான். மிச்சம், பக்கத்து ஆள்.

1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவரோடு இருந்தவர்களும் தீவுகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்களை ரேடியோ வழியாக இணைத்தார்கள். அலோஹா என்று பெயர். விதி ரொம்பச் சுலபம். சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லிவிடு, மோதிவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல். இப்படி எல்லோரும் இஷ்டத்துக்குப் பேசினால் அந்த அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவிகிதம்தான் உருப்படியாகப் போய்ச் சேரும் என்று கணக்கில் தெரிந்தது. மிச்சம் மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும். அதனால் பின்னால் வந்தவர்கள் ஒரு மரியாதையைச் சேர்த்தார்கள்: பேசுவதற்கு முன்னால் கேள். வைஃபை அந்த மரியாதையில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பெட்டியும், ஒவ்வொரு டேப்லெட்டும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால், குலுக்கல் போட்ட மாதிரி ஒரு சின்ன நேரம் காத்திருந்து, அப்புறம் பேசும். போலீஸ்காரன் கிடையாது. ஒரே சேனலில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் முறை வைத்துக்கொள்வார்கள்.

அகலமான சேனலில் இந்த மரியாதை கொஞ்சம் கெட்டுவிடுகிறது. எண்பது மெகாஹெர்ட்ஸ் சேனல் என்பது நாலு இருபதுகள் சேர்ந்தது. அதில் ஒன்று முதன்மை. பெட்டி கூர்ந்து கேட்பது அதில்தான். மற்ற மூன்றிலும் காது மந்தம், ஏறக்குறைய பத்து டெசிபல் சத்தம் கூட இருந்தால்தான் விழும். அந்த மூன்றில் ஒன்றில் எதிர் சந்து எம்பிராய்டரிக்காரர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால், என் பெட்டி அதைக் கவனிக்காமல் மேலேயே பேசிவிடும். இரண்டும் கெடும். காதில் விழுந்துவிட்டாலோ, அகலத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், அல்லது அவர் முடிக்கிறவரை நிற்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நான் பணம் வாங்கிய அந்த அகலம் அங்கே இல்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. என் பெட்டிகளே ஒன்றையொன்று அடைத்துக்கொண்டிருந்தன. ஐந்து கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதி ரேடார்களோடு பங்கு போட்டுக்கொள்கிற இடம். விலை குறைந்த டேப்லெட் பலவும் அந்தப் பக்கமே போகாது. இவர்கள் வாங்கியதும் அப்படித்தான். மிச்சம் இருக்கிற கீழ்ப்பகுதியிலும் மேல்பகுதியிலும் எண்பது அகலத்தில் ஆளுக்கு ஒரு சேனல்தான் வெட்ட முடியும். மொத்தம் இரண்டு. ஆறு பெட்டி, இரண்டு சேனல். ஒரு சேனலுக்கு மூன்று பெட்டியும் அறுபது டேப்லெட்டும், அவற்றோடு பக்கத்துக் கம்பெனிகளும். அதே இடத்தை இருபது இருபதாக வெட்டியிருந்தால் எட்டு சேனல் கிடைத்திருக்கும். ஆறு பெட்டிக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மிச்சம் இரண்டு கையில் இருந்திருக்கும்.

ஒரு பண்டில் முடிந்தது என்று சொல்ல டேப்லெட் அனுப்ப வேண்டியது ஒரு தந்தி வாசகம் அளவுதான், நூறு இருநூறு எழுத்து. அதற்கு 560 மெகாபிட் எதற்கு? அந்த எண் முதலாளியின் குரூப்புக்குத் தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது. டெய்லருக்குத் தேவைப்பட்டது, தொட்டது தவறாமல் போய்ச் சேருவது ஒன்றுதான்.

*

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பெட்டியையும் இருபதுக்கு மாற்றினேன். ஆளுக்கு ஒரு சேனல். சத்தத்தையும் குறைத்தேன், ஒரு பெட்டி ஹால் முழுக்கக் கத்த வேண்டியதில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் வயருக்குத் தள்ளினேன். கம்பி போகிற இடத்துக்குக் காற்றைச் செலவழிப்பது வீண். இரண்டு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது. ஐந்து மணி வரை ஒரு டேப்லெட்டும் அறுபடவில்லை.

முதலாளிக்குக் கோபம். தன் போனில் சோதித்துப் பார்த்திருக்கிறார். "ஏனுங் தம்பி, அன்னைக்கு ஐநூத்தி அறுவது காட்டுச்சு. இன்னைக்கு நூறத் தாண்ட மாட்டேங்குது. இதுக்கா அத்தன காசு குடுத்தது?"

டெசிபல் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அண்ணா, இருநூறு ஜிஎஸ்எம் துணிய நாலு மடங்கு அகலத்துக்கு இழுத்தா என்ன ஜிஎஸ்எம் வரும்?" என்றேன்.

நிமிர்ந்தார். "அம்பது. ஆனா அத்தன இழுக்கறதுக்கு அது என்ன ரப்பரா?"

"ஞாயித்துக்கிழம நான் உங்களுக்குக் காட்டுனது அதுதானுங்ணா. தொவைக்கறதுக்கு முன்னாடி காட்டிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார். இருபத்தைந்து வருடம் பனியன் தொழிலில் இருக்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அதே மூச்சில், பதிவுத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்து, போன வாரச் சம்பளக் கணக்கு தப்பு என்பதையும், அது ஆப்பால் மட்டும் வந்ததில்லை என்பதையும் சொன்னேன். சனிக்கிழமை சொல்லியிருக்க வேண்டியதைத் திங்கட்கிழமை சொன்னேன்.

எத்தனை பண்டில் விட்டுப்போனது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. எப்போது அறுந்தது என்று பதிவில் இருக்கும், அறுந்த நேரத்தில் எத்தனை தைத்தார்கள் என்று இருக்காது. பழைய மாதிரி பண்டில் சீட்டும் அந்த வாரத்திலிருந்து கிழிப்பதில்லை. இருந்த ஒரே சாட்சி நாற்பது பக்க நோட்டு. அந்த அக்காவைக் கூப்பிட்டு முன்னூற்று முப்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார் மேனேஜர்.

அக்கா உடனே வாங்கவில்லை. "எனக்கு மட்டும் குடுத்தா எப்பிடிங்க? என் பக்கத்து மிசினுக்காரிக்கும்தான் கொறஞ்சிருக்கும். நாளைக்கு லைன்ல என்னைய என்ன நெனப்பாளுங்க?" மேனேஜரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. கடைசியில் வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

*

எங்கள் ஹால் சரியானாலும் சந்து சரியாகவில்லை. தீபாவளி ஆர்டர் முடிந்த பிறகு, ஒரு தாளில் சந்தைப் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகப் போனேன். நீங்கள் இந்த சேனல், அவர் அந்த சேனல், எல்லோரும் இருபதில் இருங்கள், முடிந்தால் நாற்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று சொன்னேன். காசு கேட்கவில்லை. அதனாலேயே சிலருக்குச் சந்தேகம். "நாங்க எதுக்குக் கொறச்சுக்கணும்? அவங்க கொறைக்கட்டும்" என்றவர்களும் உண்டு. பிரிண்டிங் யூனிட்காரருக்கும் எம்பிராய்டரிக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் மற்றவர் என்ன சேனல் எடுத்துக்கொண்டார் என்பதை மட்டும் என்னிடம் விசாரித்தார்கள்.

கடைசியாகப் போன இடத்தில் ஒரு பெரியவர். இப்போது மகன் செக்கிங் செக்ஷன் நடத்துகிறார், இவர் முன்னால் சாயப்பட்டறை வைத்திருந்தவர். என் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அப்ப இதும் நொய்யலாட்டந்தானுங்க்கண்ணு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். "ஒவ்வொருத்தனும் எம்பட பட்டறைத் தண்ணி ஒண்ணுலயா ஆறு கெட்டுப்போயிருமுன்னுதான் உட்டோம். எல்லாரும் அதையே நெனச்சோம்."

நொய்யலின் கதை திருப்பூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டினது, சாயக்கழிவு தேங்குகிற குளமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி உத்தரவிட்டு, 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. அப்பாவின் பட்டறைக்கும் துணி வரவில்லை. அந்த மாதங்களில் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு ஆறு கெட்டதற்கான விலையை அதில் ஒரு சொட்டுச் சாயம் கலக்காதவர்களும் கொடுத்தார்கள்.

அலைவரிசையும் பொதுச் சொத்துதான். 1995-இல் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில், காற்றலைகள் மக்களின் சொத்து என்று தீர்ப்பில் சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் ரேடியோ என்றாலே லைசென்ஸ்தான். 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை லைசென்ஸ் இல்லாமல் யாரும் உள்ளேயும் வெளியேயும் பயன்படுத்தலாம் என்று அரசு திறந்துவிட்டது. 2018 அக்டோபரில் ஐந்து கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி திறந்தது. 2025 மே மாதம் ஆறு கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸுக்கு வரைவு விதிகள் வந்தன. நல்ல காரியம். நானே அதில் பிழைக்கிறவன். ஆனால் அந்த 500-க்குள் முந்நூற்றிருபது அகலத்தில் ஒரே ஒரு சேனல்தான் வெட்ட முடியும். எங்கள் சந்து மாதிரி இடத்தில் எல்லோரும் அந்த ஒன்றைப் பிடித்தால் மறுபடி இதே கதைதான். சட்டம் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்று சொல்கிறது. எவ்வளவு அகலமாக உட்காரலாம் என்று எங்கள் சந்துக்கு யாரும் சொல்வதில்லை. அது பக்கத்து ஆளிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. ஆற்றோடு ஒரு வித்தியாசம் உண்டு, இந்த ஆறு யாராவது பெட்டியை அணைத்த நிமிடமே சுத்தமாகிவிடும். வண்டலே படியாது.

அகலமே தப்பு என்று நான் சொல்லவில்லை. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் எண்பதில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். சுற்றி அரை மைலுக்குத் தென்னை மரம்தான். அங்கே அதை இருபதில் வைத்தால் அதுதான் வீண். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அகலத்தை முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடையில் விற்கிற பெட்டி அதைப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அகலமாகவே வருகிறது, டப்பா மேல் போட்ட எண்ணுக்காக.

எங்கள் சந்து ஒப்பந்தம் ஏழு மாதம் தாங்கியது. பிறகு காலியாக இருந்த ஒரு கட்டடத்துக்கு ஒரு புதுக் கம்பெனி வந்தது. இன்டர்நெட் கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டி எண்பதில் உட்கார்ந்திருந்தது. நான் மறுபடி தாளோடு போனேன். இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். இதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை.

*

போன தைப்பொங்கலுக்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு ஒரு பெட்டி மாற்றப் போயிருந்தேன். ஆப்பையும் திருத்திவிட்டார்கள். இணைப்பு போனாலும் ஆயிரம் பண்டில் வரை ஞாபகம் வைத்திருக்கும். வருடக்கணக்கில் ஒரு பண்டிலும் தவறவில்லை என்று மேனேஜர் சொன்னார். ஏணியை எடுத்துக்கொண்டு மூன்றாவது லைன் வழியாகப் போனபோது கவனித்தேன். அக்காவின் மிஷின் பக்கத்தில் அதே மாதிரி நாற்பது பக்க நோட்டு, பால்பாயின்ட் பேனா சொருகி இருந்தது. அவர் பக்கத்து மிஷினிலும் ஒன்று. எதிர் வரிசையில் பீகார்ப் பெண் ஒருத்தி மிஷினில் இந்தியில் எழுதின ஒரு நோட்டு. எண்ணிக்கொண்டே போனேன். அந்த லைனில் மட்டும் பதினான்கு.

"இப்பத்தான் ஒண்ணும் விட்டுப்போறதில்லையேங்க்கா, இன்னும் எதுக்கு நோட்டு?" என்று கேட்டேன்.

அக்கா தையலை நிறுத்தவில்லை. பண்டிலை முடித்து, நூலை அறுத்து, டேப்லெட்டைத் தொட்டு, பச்சை டிக் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, நோட்டை எடுத்து ஒரு கோடு போட்டார்.

"அன்னைக்கும் பச்சையாத்தான தம்பி இருந்துச்சு" என்றார்.

நான் ஏணியைச் சாய்த்து வைத்து மேலே ஏறினேன்.